லீவர் இறங்கியும் விடாத பிரேக்: வேளச்சேரி கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதற்காக

2024 நவம்பர் கடைசியில் ஒரு சிறிய பெட்ரோல் கார் எங்கள் பட்டறைக்கு ரெக்கவரி லாரியில் வந்து இறங்கியது. இடது பின்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடி உருகி வளைந்திருந்தது. லைனிங் கருகிய வாடை இறக்கும்போதே மூக்கில் ஏறியது. ஓட்டி வந்தவர் பல வருட அனுபவம் உள்ளவர். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கும் அணைந்துதான் இருந்தது. அப்படியும் எட்டு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு சக்கரம் புகைய ஆரம்பித்துவிட்டது.

ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்து ஓட்டிவிட்டு வருகிறவர்கள் எல்லாப் பட்டறைக்கும் உண்டு. இது அந்த வகை இல்லை. லீவரை இறக்கிய பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்க முடியும் என்பது வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. வேலை பழக வரும் பையன்களிலும் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வரிசையிலேயே தருகிறேன்.

பின்னணி

உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். வீடு வேளச்சேரியில், மழைக்குத் தண்ணீர் ஏறும் பகுதியில். கார் ஒன்பது வருடம் பழையது, 61,000 கிலோமீட்டர் ஓடியது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், கையால் மாற்றும் கியர், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இழுக்கும் லீவர். இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இதே அமைப்புதான்.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழைச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். முந்தைய வருட டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பட்ட அடி யாருக்கும் மறக்கவில்லை. இவரும் கொண்டுபோய் நிறுத்தினார். பாலத்தின் சரிவு என்பதால் லீவரை முழு பலத்தோடு இழுத்துவிட்டு, கியரிலும் போட்டுவிட்டு வந்தார். அந்த இடத்தில் அது முற்றிலும் சரியான செயல்.

எச்சரிக்கை விலகியதும் காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். வழியில் தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் சக்கரம் பாதி முழுக மெதுவாக ஓட்டி வந்து, அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்கில் விட்டார். அங்கே தரை சமதளம். பழக்கத்தில் லீவரை அதே பலத்தோடு இழுத்தார். இரண்டு நாள் கழித்து வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மனைவியுடன் கிளம்பினார். ஐந்து வாரம் கார் அசையவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம், காற்று முழுக்க ஈரம், அடித்தளத்தில் வெயிலும் படாது.

இன்னொரு விவரம் விசாரித்தபோது வந்தது. சில மாதங்களுக்கு முன் ஹேண்ட் பிரேக் லீவர் ரொம்ப மேலே வருகிறது என்று ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அவர்கள் சக்கரத்தைக் கழற்றாமல், லீவருக்குக் கீழே உள்ள நட்டை முறுக்கிக் கேபிளை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. லீவர் உடனே சரியாக நின்றது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

உள்ளே இருக்கும் ஏற்பாடு

நடந்தது புரிய வேண்டுமென்றால் லீவரிலிருந்து சக்கரம் வரை ஒரு தடவை போய் வர வேண்டும்.

கால் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்கிறது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயிலின் அழுத்தம் நாலு சக்கரத்துக்கும் போகிறது. ஹேண்ட் பிரேக்குக்கும் அந்த எண்ணெய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது முழுக்க இரும்புக் கம்பியின் இழுப்பு. லீவரை இழுத்தால் அதன் அடியில் உள்ள தண்டு ஒரு குறுக்குத் தகட்டை இழுக்கும். அதைப் பட்டறைகளில் ஈக்வலைசர் என்போம். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு கேபிள் இரண்டு பின்சக்கரங்களுக்கும் போகிறது. ஒரு பக்கம் அதிகம் இழுபட்டால் தகடு சாய்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் ஒரே பலம் போகும்படி பார்த்துக்கொள்கிறது. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம். அதற்குள் அந்தக் கேபிள் ஒரு சிறு நெம்புகோலை இழுக்க, அது இரண்டு ஷூக்களையும், அதாவது உராயும் லைனிங் ஒட்டிய வளைந்த கட்டைகளை, அகட்டி டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. லீவரின் அடியில் உள்ள பற்கள் அந்த இழுப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. ‘கிரிக் கிரிக்’ என்று கேட்கும் சத்தம் அந்தப் பற்களுடையதுதான்.

ஐ.நா.வின் வாகன விதி 13-எச் இந்தப் பிரேக்குக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: முழுச் சுமை ஏற்றிய கார் 20 சதவீதச் சரிவில், மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ, நகராமல் நிற்க வேண்டும், அதற்குக் கை கொடுக்க வேண்டிய பலம் 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது. 400 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 40 கிலோ எடை. மேம்பாலச் சரிவுகள் 20 சதவீதத்துக்கு வெகு கீழே இருப்பவை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நாம் லீவரை இறக்கும்போது பிரேக்கை விடுவிக்கவில்லை; இழுப்பதை நிறுத்துகிறோம், அவ்வளவே. ஷூவை டிரம்மிலிருந்து பிரித்து உள்ளே இழுப்பதும், கேபிளைப் பின்னால் வாங்கிக்கொள்வதும் டிரம்முக்குள் இருக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்குகளின் வேலை. ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டாலோ, கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்து இறுகினாலோ, அந்த ஸ்பிரிங்குகளால் ஒன்றும் செய்ய முடியாது. லீவர் தரையோடு படுத்திருக்கும், பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

சிவப்பு விளக்கும் இதைக் காட்டிக்கொடுக்காது. அதன் சுவிட்ச் லீவரின் அடியில் இருக்கிறது. லீவர் கீழே வந்துவிட்டதா என்பதை மட்டுமே அது அறியும். சக்கரத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குச் செய்தி போவதில்லை. பல கார்களில் பிரேக் ஆயில் அளவு குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லீவர் கீழே இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.

கிளம்பிய காலை

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் தாம்பரத்தில் உறவினர் வீட்டு விசேஷம். மனைவியும் பேத்தியும் உடன். என்ஜின் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. லீவரை இறக்கினார். அப்போது லீவர் வழக்கமான இறுக்கம் இல்லாமல் லொடலொடவென்று விழுந்ததாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நகரவில்லை. பின்பக்கம் மட்டும் கீழே அமுங்கியது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினார். ‘டக்’கென்று ஒரு சத்தம். வண்டி முன்னால் குதித்துக் கிளம்பியது.

மழைக்குப் பிறகு இப்படி ஆவது அவருக்குப் புதிதில்லை. ஈரத்தோடு நிறுத்திய டிரம்மில் ஷூ ஒட்டும், கொஞ்சம் அழுத்தினால் விட்டுவிடும். சத்தம் கேட்டது, வண்டி நகர்ந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் அதோடு தீர்ந்தும் விடும்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணை தாண்டும்வரை பெரிதாக எதுவும் தெரியவில்லை. வண்டி கொஞ்சம் கனமாக இருப்பதுபோல் பட்டது. ரொம்ப நாள் நின்ற வண்டி, டயரில் காற்று குறைந்திருக்கும் என்று நினைத்தார். மேடவாக்கம் நெருங்கும்போது பேத்திதான் முதலில் வாடையைச் சொன்னாள். சிக்னலுக்காக ஆக்சிலரேட்டரை விட்டபோது வண்டி உருண்டு போகாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் சட்டென்று வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று அவர் பின்னர் கேட்டார். சக்கரத்தில் வெறும் 20 கிலோ எடைக்குச் சமமான இழுவை இருந்தாலே போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாக மாறும். டிரம்முக்குள் இரண்டு இஸ்திரிப் பெட்டியை ஒன்றாகப் போட்டு மூடிவைத்ததற்குச் சமம். என்ஜினுக்கு அந்த இரண்டு கிலோவாட் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் ஓட்டுகிறவருக்கு ‘கொஞ்சம் கனம்’ என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை.

மேடவாக்கத்திலிருந்து வந்த அழைப்பு

“தம்பி, பின்னாடி வீல்ல புகை வருது. பக்கத்து டீக்கடையில வாளியில தண்ணி கொண்டாந்திருக்காங்க, ஊத்தட்டுமா?”

“வேண்டாம் சார், ஊத்தாதீங்க. எல்லாரும் வண்டிய விட்டு எறங்கிட்டீங்களா? பாப்பாவ தள்ளி நிக்கச் சொல்லுங்க. தீ தெரியுதா, இல்ல வெறும் புகையா?”

“புகைதான்.”

“ஹேண்ட் பிரேக் போடாதீங்க சார். ஃபர்ஸ்ட் கியர்ல விட்டு என்ஜின ஆஃப் பண்ணிடுங்க. முன்சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வைங்க.”

அன்று அந்தச் சில நிமிடங்களில் எடுத்த முடிவுகளுக்குத் தனித்தனிக் காரணம் உண்டு.

தண்ணீர் வேண்டாம் என்றது, டிரம் வார்ப்பிரும்பு என்பதால். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். ஊற்றுகிறவர் கையும் முகமும் ஆவியில் வெந்துபோகும். தீ கிளம்பியிருந்தால் சொல்லியிருக்கப்போவது வேறு. அப்போது தீயணைப்பான்தான், அது இல்லையென்றால் எல்லாரையும் விலக்கிவிட்டு 101 அல்லது 112.

ஹேண்ட் பிரேக் வேண்டாம் என்றது, சூட்டில் டிரம் விரிந்திருப்பதால். விரிந்த டிரம்மில் ஷூவை இழுத்துப் பிடித்து வைத்தால், ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொள்ளும். பின்னால் டிஸ்க் உள்ள கார்களில் இதற்கு நேர்மாறு: சூட்டில் பருத்திருந்த டிஸ்க் ஆறி மெலியும்போது பிடி தளர்ந்து, சரிவில் நிற்கும் கார் தானாக உருளலாம். மலைப்பாதையில் இறங்கி வந்து டிஸ்க் பிரேக் காரை நிறுத்துகிறவர்கள் கியரிலும் போட வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து லீவரை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கவும் வேண்டும்.

அடுத்ததாக, சக்கரத்தைத் தொடாமல் புறங்கையை அருகே கொண்டுபோய் நாலு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிடச் சொன்னேன். இடது பின்சக்கரத்துக்கு அரையடி தூரத்திலேயே கை வைக்க முடியவில்லை. வலது பின்சக்கரம் முன்சக்கரங்களைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. கடைசியாக, உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை ஒருமுறை மெதுவாக அழுத்தச் சொன்னேன். மிதி பஞ்சுபோல் அமுங்கி வழக்கத்தைவிடக் கீழே போனது.

இதுதான் அன்றைய பெரிய முடிவைத் தீர்மானித்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகைப் புது எண்ணெய் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஈரம் ஏறிய பின் அதற்கான குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு அதே அளவுகள் 230, 155. கால் பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தை வாங்கி ஷூக்களைத் தள்ளும் சக்கர சிலிண்டர் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதியின் அழுத்தம் ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும், பிரேக் பிடிக்காது. ஆறியதும் மிதி மறுபடி கெட்டியாகிவிடும். ‘ஆறிடுச்சு, மெதுவா ஓட்டிட்டு வந்துடறேன்’ என்று உரிமையாளர் சொன்னார். கூடாது என்றேன். மிதி கெட்டியானாலும் அந்தச் சக்கரம் விடுபடவில்லை. ஓட ஓட மறுபடி அதே சூடு, மறுபடி அதே ஆவி.

லாரியிலும் ஒரு தேர்வு இருந்தது. முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரங்களை உருட்டி இழுத்துவரும் வண்டிதான் பக்கத்தில் கிடைத்தது. முன்சக்கர ஓட்டமுள்ள கார்களை அப்படி இழுப்பது வழக்கமும்கூட. ஆனால் இங்கே உருள வேண்டியது பிடித்துக்கொண்ட அதே சக்கரம். நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரிக்காகக் காத்திருந்தோம்.

லிஃப்டில் பார்த்தவை

கார் நன்றாக ஆறிய பிறகுதான் கை வைத்தோம். பையன்களில் ஒருவன் உருகிய மூடியைப் பார்த்ததுமே, “ஹேண்ட் பிரேக்க எறக்காம ஓட்டிட்டாருண்ணே” என்றான். உரிமையாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், முகம் சுருங்கியது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அவர் மீதுள்ள மரியாதையால் மட்டுமல்ல, காரணம் சக்கரத்திலேயே இருந்தது. லீவர் மேலே இருந்திருந்தால் ஈக்வலைசர் இரண்டு பக்கமும் சமமாக இழுத்திருக்கும். இரண்டு சக்கரமும் வெந்திருக்கும். ஒன்று வெந்து மற்றது குளிர்ந்திருந்தால் கோளாறு ஈக்வலைசருக்குப் பின்னால், அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பையனை அழைத்து இதைக் காட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தோம்.

லீவர் முழுக்கக் கீழே. வலது பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றியது. இடது அசைய மறுத்தது. அடியிலிருந்து பார்த்தால் ஈக்வலைசர் தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. லீவர் லொடலொடவென்று விழுந்ததற்குக் காரணம் அதுதான்: வலது கேபிள் பின்னால் போய்விட்டது, இடது கேபிள் போகவில்லை, நடுவில் தொய்வு.

அட்ஜஸ்ட் நட்டை முழுக்கத் தளர்த்தினோம். இடது சக்கரம் அப்போதும் விடவில்லை. ஆக, இறுக்கம் மட்டுமே காரணம் இல்லை. இடது கேபிளின் முன்முனையைக் கழற்றிக் கையால் அசைத்தோம். உள்கம்பி உறைக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. பின்பக்கம் கேபிள் வளைந்து சக்கரத்துக்குப் போகும் இடத்தில் மேலுறை வெடித்திருந்தது. பழைய வெடிப்பு, ஓரம் முழுக்கச் சேறு காய்ந்து கறுத்துப்போயிருந்தது. அக்டோபரில் ஓட்டிவந்த தெருத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய், இழுத்த நிலையிலேயே ஐந்து வாரம் நின்ற கம்பியைத் துருவால் உறையோடு சேர்த்துப் பிடித்துவிட்டது.

கேபிளை வெட்டி எடுத்த பிறகு, டிரம்மில் இருக்கும் இரண்டு மறைத் துளைகளிலும் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கி அதைக் கழற்றினோம். உட்சுவர் நீலம் பாரித்திருந்தது. ஓரத்தில் மயிரிழை விரிசல்கள். பின்பக்க ஷூவில் லைனிங் பாதி பெயர்ந்து, மீதி பளபளவென்று கண்ணாடிபோல் இறுகியிருந்தது. சக்கர சிலிண்டரின் ரப்பர் காய்ந்து, எண்ணெய் கசிந்த தடம் தெரிந்தது. பேரிங்கின் கிரீஸ் உருகிச் சீலைத் தாண்டி வழிந்திருந்தது.

வலது டிரம்மையும் கழற்றினோம். அங்கேதான் காலையில் கேட்ட ‘டக்’ சத்தத்துக்கு விடை கிடைத்தது. டிரம்மின் சுவரில் ஷூவின் அச்சு அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. லைனிங்கிலிருந்து பொடிப்பொடியாகச் சில துணுக்குகள் அந்த அச்சில் ஒட்டியிருந்தன. இரண்டு பக்கமும் ஷூ ஒட்டித்தான் இருந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரின் பலத்தில் இரண்டுமே பெயர்ந்தன. வலது பக்கம் ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துக்கொண்டது. இடது பக்கம் கேபிள் விடாததால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சத்தம் உண்மைதான், விடுதலை பாதிதான்.

இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஷூவின் தானியங்கி அட்ஜஸ்டர்கள் வேலை செய்யாமல் இறுகிக் கிடந்தன. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதைக் குறைத்துக்கொண்டே வருவது அட்ஜஸ்டரின் வேலை. அது நின்றதால்தான் லீவர் மேலே வர ஆரம்பித்தது. சில மாதங்களுக்கு முன் அட்ஜஸ்டரைப் பார்க்காமல் கேபிளை இறுக்கினார்கள். அதனால் லீவர் கீழே இருக்கும்போதும் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் ஓய்விடத்துக்குத் திரும்பவில்லை. அது திரும்பாதவரை அட்ஜஸ்டர் வேலை செய்யவே முடியாது. ஒரு கோளாறை மறைக்கச் செய்த வேலை அந்தக் கோளாறை நிரந்தரமாக்கிவிட்டது. ஹேண்ட் பிரேக் மேலே வருகிறது என்று யார் வந்தாலும் முதலில் டிரம்மைக் கழற்றி ஷூவைப் பார்க்க வேண்டும், கேபிள் நட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்று நான் பையன்களிடம் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மாற்றியவை

பின்பக்க ஷூ இரண்டு ஜோடி, இரண்டு கேபிள், இரண்டு சக்கர சிலிண்டர், இரண்டு டிரம், ஸ்பிரிங்குகள், இடது பேரிங், முழு பிரேக் ஆயில்.

“வலது பக்கம் நல்லாத்தானே தம்பி இருக்கு, அதை எதுக்கு மாத்தணும்?” என்று உரிமையாளர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பக்கம் புது லைனிங், மறுபக்கம் பழசு என்றால் இரண்டும் ஒரே மாதிரி பிடிக்காது. ஈர ரோட்டில் அழுத்திப் பிரேக் போடும்போது பின்பக்கம் ஒதுங்கும். வலது கேபிளும் இடது கேபிளோடு சேர்ந்து ஒன்பது வருடம் அதே தண்ணீரைப் பார்த்தது. வலது டிரம்மை மட்டும் கடைந்து மறுபடி போடலாமா என்று யோசித்தோம். எவ்வளவு விட்டம்வரை போகலாம் என்பது டிரம்மிலேயே பொறித்திருக்கும். அளந்து பார்த்தால், துரு போகக் கடைந்தால் அந்த எல்லையை ஏறக்குறைய தொட்டுவிடும். அதனால் அதுவும் புதிது. வலது பேரிங்கில் ஆட்டமோ சத்தமோ இல்லை, அதைத் தொடவில்லை.

பூட்டும்போது வரிசை முக்கியம். கேபிளை முழுக்கத் தொய்வாக விட்டு, முதலில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்தோம். கால் பிரேக்கைப் பலமுறை மிதித்து அட்ஜஸ்டர்களை அவற்றின் இடத்துக்கு வர வைத்தோம். அதன் பிறகுதான் கேபிள் நட்டை முறுக்கினோம். எத்தனை பல்லில் பிடிக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். லீவரை முழுக்க இறக்கியபோது இரண்டு சக்கரமும் கையால் சுற்ற எளிதாகச் சுற்றுகிறதா, முதல் பல்லில் லேசாக உரசுகிறதா என்று பார்த்தபின்தான் சக்கரத்தைப் பூட்டினோம். சரிவில் முன்பக்கம் மேலாகவும் பின்பக்கம் மேலாகவும் இரண்டு விதமாக நிறுத்திச் சோதித்தோம். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நாலு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிட்டோம்.

கொடுக்கும்போது உரிமையாளரிடம் சொன்னவை

வண்டியை ஒப்படைக்கும்போது அவர் கேட்ட ஒரே கேள்வி: “இனிமே ஹேண்ட் பிரேக்கே போடக் கூடாதா?”

போட வேண்டும். தினசரி ஓட்டத்தில் நிறுத்தும்போதெல்லாம் போட வேண்டும். கேபிள் அசைந்துகொண்டிருந்தால்தான் இறுகாமல் இருக்கும். ஹேண்ட் பிரேக்கே போடாமல் கியரில் மட்டும் விட்டுப் பழகியவர்களின் கார்களில் கேபிள் செத்துக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சரிவில் நிறுத்தும்போது கால் பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லீவரை இழுத்து, பிறகு கால் பிரேக்கை மெதுவாக விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் கியர் போட வேண்டும். ஏற்றத்தில் முன்பக்கம் மேலே இருந்தால் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் காரிலும் இதே வரிசைதான். நேரடியாக ‘பி’யில் போட்டுக் காலை எடுத்தால் காரின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கியில் போய்த் தொங்கும்.

விடுவிப்பதற்கும் நேரம் உண்டு. சமதளத்தில் கியர் போட்ட பிறகு, நகரும் முன் லீவரை முழுக்க இறக்கிவிட வேண்டும். ஒரு பல் மேலே நின்றாலும் போதும், லைனிங் தேயும். ஏற்றத்தில் கிளட்சை மெல்ல விட்டு, என்ஜின் சத்தம் தாழ்ந்து முன்பக்கம் லேசாக எழும் அந்த நொடியில்தான் லீவரை இறக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் வண்டி பின்னால் உருளும். பட்டன் வைத்த மின்சார பார்க்கிங் பிரேக் உள்ள பல கார்களில், சீட் பெல்ட் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தானாக விட்டுவிடும். ஆனால் அங்கேயும் ஷூவோ, டிஸ்க்கைக் கவ்வும் பேடோ துருவால் ஒட்டினால் மோட்டார் பின்வாங்கிவிடும், சக்கரம் பிடித்தபடியே நிற்கும். விளக்கு அணைந்ததை அங்கேயும் நம்ப முடியாது.

நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் மட்டும் வேறு முறை. சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, லீவரை முழுக்க இறக்கிவிட வேண்டும். சரிவில் இப்படி விடவே கூடாது. தண்ணீரில் ஓட்டி வந்தாலோ, வண்டியைக் கழுவினாலோ, நிறுத்தும் முன் கொஞ்ச தூரம் கால் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டினால் டிரம் காய்ந்துவிடும்.

எடுக்கும்போது சக்கரம் ஒட்டியிருந்தால் ஆக்சிலரேட்டரை ஏற்றக் கூடாது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி, கிளட்சை மெல்ல விட்டு முன்னும் பின்னும் அசைக்கலாம். இரண்டு மூன்று தடவையில் விடாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். விட்டுவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. ஆளில்லாத சமதளத்தில் மெதுவாகப் போய் நியூட்ரலில் விட்டுப் பார்க்க வேண்டும். வண்டி தானாக உருண்டுகொண்டே போக வேண்டும். ஒரு கிலோமீட்டர் போய் இறங்கி, நாலு சக்கரத்துக்கும் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். இவர் அன்று காலை பார்க்கிங்கை விட்டு வெளியே வந்ததும் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால், ஒரு கேபிளும் இரண்டு ஜோடி ஷூவும் மாற்றுவதோடு போயிருக்கும்.

பிறகு

அடுத்த இரண்டு சோதனைகளுக்குக் கார் சொன்ன தேதியில் வந்தது. இரண்டு பக்க லைனிங்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன, அட்ஜஸ்டர்கள் அசைந்தன, கேபிள் உறைகளில் வெடிப்பு இல்லை. வலது பேரிங்கிலும் சத்தம் வரவில்லை. 2025 மழைக்காலத்துக்கு முன் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, ஊருக்குப் போகப்போவதாகவும் கட்டை வைத்து லீவரை இறக்கி விட்டிருப்பதாகவும் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்து, பத்து நாளைக்கு ஒருமுறை காரைப் பார்க்கிங்குக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தி வைக்க ஏற்பாடு செய்திருந்தார்.

பட்டறையில் இரண்டு விஷயம் மாறியது. சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு காரையும் லிஃப்டில் ஏற்றியதும், லீவரை இறக்கிய நிலையில் பின்சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்து, ஈக்வலைசர் நேராக இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறோம். கேபிளின் மேலுறையை அது வளையும் இடத்தில் துடைத்துவிட்டுப் பார்க்கிறோம். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. சக்கரத்தில் புகை என்று யார் அழைத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்: ஆட்கள் இறங்கியாயிற்றா, தீயா புகையா, எந்தச் சக்கரம், மற்ற சக்கரங்களின் சூடு எப்படி, மிதி கெட்டியாக இருக்கிறதா. மிதி கெட்டியாக இல்லை என்றால் அந்த வண்டியை ஓட்டிவரச் சொல்ல இங்கே யாருக்கும் அனுமதி இல்லை.